அத்தர் மணத்த விமானம்

நஸீர் மௌத்தாகிவிட்டான் என்று மருதமுனையிலிருந்து அவன் தம்பி அழைத்துச் சொன்னார். பாண்டிருப்பில் நான் சாவுச் செய்தி சொன்ன எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பிளேன் விழுந்ததா?" எனக்குக் கோபம்தான் வந்தது. இல்லை ஐயா, நோய் முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனான். அவன் கையில் எந்த விமானமும் விழுந்ததில்லை.

சிறு விமானத்தை வானத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டி நிமிர்த்துவதில் எங்கள் பறப்புக் கழகத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. கல்முனைக் கடற்கரையில் தாழப் பறந்து உருட்டிக் காட்டச் சொன்னவர்களிடம், "நிலம் கிட்டக் கிடந்தா பிழையத் திருத்த நேரமில்ல மச்சான்" என்று மறுத்துவிட்டான். ஏறுமுன் கூட வருபவரின் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான். தலைகீழாகும்போது ஒரு பேனை விழுந்தாலும் ஆபத்து. களவு போன வீட்டில் சோதிப்பதுபோலச் சோதிக்கிறாய் என்று கேலி செய்வேன்.

ஒரு பெருநாளன்று, கழகத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே வந்தவன் என் பைகளைச் சோதித்தான். தன்னுடையதை மறந்துவிட்டான். உயரம் ஏறி, சுற்றும் பார்த்து, மூக்கைச் சற்றுத் தூக்கி உருட்டத் தொடங்கினான். பாதியில், நாங்கள் தலைகீழாகத் தொங்கியபோது, அவன் பையிலிருந்த அத்தர்க் குப்பியின் மூடி கழன்று முகத்தில் கொட்டியது.

"கண் தெரியுதில்ல மச்சான். நீ பிடி. உன்ட பக்கம் இழுத்துடாத, உருட்டி முடி."

நானும் விமானிதான். அந்த நிலையில் பயந்து கட்டுப்பாட்டுத் தடியை இழுத்தால் விமானம் தரையை நோக்கிப் பாயும் என்று தெரியும். ஆனாலும் கை இழுக்கத்தான் துடித்தது. அவன் குரலோ கடையில் தேத்தண்ணி கேட்பதுபோல் இருந்தது. உருட்டி முடித்தேன். பத்திரமாக இறங்கினோம்.

"ஒருத்தரும் காணல்ல. சொன்னா உருட்டுற அனுமதியப் பறிச்சிருவாங்கடா" என்றேன்.

"நாளைக்கு இன்னொருத்தன் அத்தரோட ஏறுவான். அப்ப என்ன செய்யிற?"

சிவந்த கண்ணோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தான். அனுமதியைப் பல மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்தக் காலமெல்லாம் புதிதாக வந்த விமானிகளிடம் தன் அத்தர்க் கதையைத் தானே சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவனைப் போல ஒருவன் எனக்கு நண்பனாக இருந்தான் என்பதில் எனக்கு நிறையப் பெருமை.

போன கிழமை நான் ஒரு விமானத்தை முரட்டுத்தனமாக இறக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. நானே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். பொறுப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நஸீர்ட ஆள்தானே?"

"ஓம்" என்றேன்.