ஹட்டன் – நுவரெலியா ஏற்றம்: நான் மிதிக்காத பத்தொன்பது கிலோமீட்டர்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போகத் திட்டம் போட்டு, என் பழைய பதிவைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கள். போன வருடம் பெப்ரவரியில், பன்னிரண்டு கிலோ சுமையோடு, 46 கிலோமீட்டரை மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் ஏறியதாக எழுதியிருந்தேன். ஓர் இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை என்றும் எழுதியிருந்தேன். அது பொய். அந்தப் பொய்யைச் சரிசெய்வதற்காகத்தான் இந்த ஓகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பாதையில் மறுபடியும் போனேன்.

முதலில் பெப்ரவரியில் உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து 12.15க்குக் கிளம்பினேன். கொட்டகலை, பத்தனை தாண்டி, தலவாக்கலைக்கு (18 கி.மீ.) வந்தபோது 2.05. அதுவரை எல்லாம் சரி. சரி என்பதைவிட, யாரோ வீடியோ எடுக்கிறார்கள் என்ற நினைப்பில் மிதித்தேன் என்று சொல்ல வேண்டும். லிந்துலை தாண்டி 25ஆவது கிலோமீட்டரில் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. வானம் கறுத்திருந்தது. மணி மூன்று. தேயிலை மலைக்கு நடுவில் ஒரு மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு வாழைப்பழம் தின்றேன்.

அந்நேரம் மரக்கறி லொறி ஒன்று வந்து நின்றது. கோவா, லீக்ஸ் எல்லாவற்றையும் கொழும்பில் இறக்கிவிட்டு வெறும் கூடைகளோடு திரும்பும் வண்டி. ஓட்டியவர் நுவரெலியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும், நானா என்று அண்ணன் முறை சொல்லலாம். “ஏறுங்க தம்பி, மழை இப்ப ஊத்தும்” என்றார். நான் “பரவாயில்லை நானா” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வதற்குள் சைக்கிள் கூடைகளுக்கு மேலே ஏறிவிட்டது, நானும் ஏறிவிட்டேன்.

பத்தொன்பது கிலோமீட்டர், அரை மணித்தியாலம். நுவரெலியாவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நிறுத்தச் சொன்னேன். “டவுனுக்குள்ளயே விடுறேனே, ஏன் இங்க இறங்குறீங்க?” என்றார். கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள் என்றேன். யாரும் காத்திருக்கவில்லை. மிச்ச இரண்டு கிலோமீட்டரையும் மழையில் மிதித்து, நகரப் பெயர்ப்பலகைக்குக் கீழே 3.40க்குப் படம் எடுத்தேன். மழைத்தண்ணீர் படத்தில் வியர்வை போலவே விழுந்திருந்தது. ஆக, அந்த மூன்று மணி இருபத்தைந்து நிமிடக் கணக்கு சரிதான், ஏறிய கால்கள்தான் என்னுடையவை இல்லை.

அன்றிரவு பதிவை எழுதினேன். நீண்டதூரச் சைக்கிள் பயணம் மனிதனுக்கு என்ன தருகிறது என்று ஒரு பத்தி. “ஏற்றத்தில் யாரும் உங்களைத் தூக்கிவிட மாட்டார்கள். அங்கே கிடைக்கிற தன்னம்பிக்கை முழுக்க உங்களுடையது.” லொறியில் வந்தவன் எழுதியது இது. என் பதிவுகளிலேயே அதிகம் பேர் பகிர்ந்ததும் இந்தப் பத்தியைத்தான். இரண்டு சைக்கிள் குழுக்கள் அதைத் தங்கள் பக்கத்தின் முகப்பில் போட்டன. நான் போய் விருப்பக்குறியும் போட்டுவிட்டு வந்தேன்.

இந்த வருடம் ஜூனில் ஜெசிந்தா என்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மன்னாரில் ஆசிரியை. தினமும் பள்ளிக்குப் போக வரப் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவர். டிசம்பர் விடுமுறையில் இரண்டு சினேகிதிகளோடு இலங்கையைச் சுற்றிவர ஒரு வருடமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தாராம். அதற்கு முன் மலையில் தன்னைச் சோதித்துப் பார்க்க, என் பதிவை அச்செடுத்துக்கொண்டு, அதே அளவு சுமையும் கட்டிக்கொண்டு தனியே ஹட்டனுக்கு வந்திருக்கிறார். “உங்களுக்கு மூண்டே கால், மூண்டரை மணித்தியாலம். நான் சமதரைக்காரி எண்டு இன்னொரு மணித்தியாலம் கூட்டிப்போட்டு, ஒண்டரைக்கு வெளிக்கிட்டனான்” என்று எழுதியிருந்தார். வழியெல்லாம் பெய்த மழையோடு, நானுஓயாவுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது இருட்டும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. முன்னால் வருகிற வாகனம் தெரியவில்லை. வீதிக்குக் கீழே இருந்த தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் தஞ்சம் கேட்டுத் தங்கி, மறுநாள் ரயிலில் ஊர் திரும்பியிருக்கிறார்.

மின்னஞ்சலில் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தன்னைத்தான் குறை சொல்லியிருந்தார். தன்னால் சினேகிதிகளின் பயணமும் கெடக்கூடாது, விலகிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார்.

பதினொரு நாள் பதில் போடவில்லை. பன்னிரண்டாம் நாள் போட்ட பதிலை இங்கே எழுதவே கை கூசுகிறது. “உங்களுக்குப் பயிற்சி போதாமல் இருந்திருக்கலாம். மனம் தளராதீர்கள். படிப்படியாகத்தான் வரும்.” ஒரு பொய்யை ஆறுதல் என்று பொதி செய்து அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. “நன்றி அண்ணா, உண்மையைச் சொன்னதுக்கு. நான் விலகிட்டன். சைக்கிளையும் கூடப் படிப்பிக்கிற ஒராளுக்குக் குடுத்திட்டன்.”

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. கந்தோரில் வேலைக்கு நடுவில் வாசித்தேன், பஸ்ஸில் வாசித்தேன். உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. கடைசியில், முதலில் அந்த ஏற்றத்தை நானே ஒழுங்காக ஏறிப் பார்க்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று முடிவுசெய்தேன். அதிலும் கொஞ்சம் கள்ளம் இருந்தது. நான் நன்றாக ஏறிவிட்டால் பாதிப் பொய்யாவது உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் ஹட்டன். சைக்கிளுக்கான பார்சல் கட்டணத்தோடு 1,140 ரூபாய். ஹட்டனில் அறை 3,500. ஞாயிறு காலை 6.40க்கு, அதே பன்னிரண்டு கிலோ சுமையோடு கிளம்பினேன். நல்ல வெயில் நாள்.

இந்தத் தடவை யாரும் வீடியோ எடுக்கவில்லை என்று கால்களுக்குச் சொல்லிவிட்டேன். தலவாக்கலைக்கு 8.55. அங்கே இரண்டு ரொட்டி, கட்டைச்சம்பல், பிளேன் டீ, 220 ரூபாய். லிந்துலைக்குப் பிறகு முதல் தடவை இறங்கித் தள்ளினேன். வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் அந்த மலை காதில் விழுகிறது. வாய்க்கால் ஓடுகிற சத்தம், லயத்திலிருந்து வானொலி, தொழிற்சாலைப் பக்கமிருந்து கொழுந்து வாடுகிற வாசம். மரக்கறித் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து “மெதுவா போங்க, மல எங்கயும் போகாது” என்றார். போன தடவை இதே இடத்தை லொறிக் கூடைகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருந்தேன். இவ்வளவையும் விட்டுவிட்டுத்தான் பயணத்தின் இன்பம் பற்றி ஊருக்குப் பாடம் எடுத்தேனா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

34ஆவது கிலோமீட்டரில் பஸ் தரிப்பிடமும் அதன் கீழே நீலத் தண்ணீர்த் தாங்கியும் இருந்தன. ஜெசிந்தா எழுதிய அடையாளம் அதுதான். மணி 11.52. மூன்றாவது தடவையாகத் தள்ளிக்கொண்டுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், சைக்கிளில் வந்த மன்னார் ஆசிரியை தங்கிய வீடு எது என்று கேட்டேன். “இந்த வீடுதாங்க. வாங்க, உக்காருங்க” என்றார். பரமேஸ்வரி அக்கா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கணவர் செல்வராஜ் அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஞாயிறு என்பதால் இருவரும் வீட்டில் இருந்தார்கள். கேட்காமலே தேநீர் வந்தது.

“அந்தி ஆறரை இருக்கும்” என்றார் அக்கா. “மழையில நனஞ்சு, கை வெறச்சுப்போயி, தலைக்கவசத்த கழட்ட முடியல அவங்களால. நான்தான் கழட்டிவிட்டேன். குளிருக்கு அழுவுறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, யாரோ ஒருத்தரு மூணரை மணித்தியாலத்துல ஏறிட்டாராம், தன்னால முடியலன்னு அழுவுறாங்க.”

செல்வராஜ் அண்ணன் சிரித்தார். “இந்த ரோட்டுல சுமையோட அப்படி யாருங்க ஏறுவா? அந்த ஆளு லொறியிலதான் வந்திருப்பாருன்னு நான் அன்னைக்கே சொன்னேன். டீச்சர் கேக்கல. அவரு அப்படி பொய் எழுதுற ஆளு இல்லன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. மறுநா காலையில நானுஓயா ஸ்டேசன் வரைக்கும் நான்தான் சைக்கிள தள்ளிக்கிட்டு போனேன். வழியெல்லாம் அதே பேச்சுதான்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி, விறைத்த கையோடு, எனக்காக வாதாடியிருக்கிறாள். அதுவும் ஒரே பார்வையில் விஷயத்தைக் கண்டுகொண்ட மனிதர்களிடம். “அந்த ஆள் நான்தான் அண்ணன்” என்றேன். “லொறியில்தான் வந்தேன்.”

செல்வராஜ் அண்ணன் என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மரக்கறி லொறியா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பரமேஸ்வரி அக்கா என் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அத அவங்ககிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?” கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு ரொட்டி சாப்பிடச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

12.45க்கு அங்கிருந்து கிளம்பினேன். நானுஓயாவுக்கு மேலே நான்காவது தடவை தள்ளினேன். 3.05க்கு நுவரெலியா. பெயர்ப்பலகையில் நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மின்னஞ்சலின் கீழே ஜெசிந்தா போட்டிருந்த தொலைபேசி எண்ணை இரண்டு தடவை அழுத்தி வெட்டிவிட்டு, மூன்றாம் தடவை பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். லொறி, மழை, படம், ஜூனில் போட்ட பதில் எல்லாம்.  சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

“இண்டைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?”

“ஆறு நாற்பது.”

“அந்த லயத்தடிக்கு எத்தினைக்கு வந்தனீங்கள்?”

“பதினொன்று ஐம்பத்திரண்டு.”

“மழையோ?”

“இல்லை. நல்ல வெயில்.”

“நான் ஒண்டரைக்கு வெளிக்கிட்டு, ஆறு இருபதுக்கு அங்க வந்திட்டன்” என்றார்.

அவர் மின்னஞ்சலில் எழுதியிருந்த நேரத்தை வைத்து அந்தக் கணக்கை நான் வரும் வழியிலேயே போட்டிருந்தேன். மழையில், தனியாக, முதல் தடவையாக மலையைப் பார்க்கிறவர் என்னைவிட இருபத்திரண்டு நிமிடம் முன்னால் வந்திருக்கிறார்.

“அப்ப ஏன் அண்ணா எனக்குப் பயிற்சி காணாது எண்டு எழுதினீங்கள்?”

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருப்பேன். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: நீங்கள் பலவீனமானவராக இருந்தால்தான் என் பொய் நிற்கும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன். அவர் வாசிக்கட்டும். தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் சொன்னது ஒன்றுதான்: “எழுதுறதெண்டால் என்ட நேரத்தையும் போடுங்கோ. பெயரோட.” டிசம்பரில் போகிறாரா, சைக்கிளைத் திரும்ப வாங்குவாரா என்று நான் கேட்கவில்லை.

இனித் திட்டம் போடுகிறவர்களுக்கு. பழைய பதிவை அழிக்கவில்லை, மேலே “இது பொய்” என்று எழுதி இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். ஹட்டனிலிருந்து காலை ஏழுக்கு முன் கிளம்புங்கள். பிற்பகலில் மழையும் மூடுபனியும் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மழையங்கியும் பின்விளக்கும் கட்டாயம். லிந்துலைக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகள் குறைவு, தலவாக்கலையிலேயே வயிற்றை நிரப்புங்கள். முடியாவிட்டால் லொறியில் ஏறுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஏறினேன் என்று எழுதிவிடுங்கள். வேறு எவருடைய பதிவில் உள்ள நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள்.

நேரங்கள், நிறுத்தங்களோடு: ஹட்டனிலிருந்து லயத்தடி பஸ் தரிப்பிடம் வரை, 34 கிலோமீட்டர், சுமையோடு. நான், வெயிலில், ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். ஜெசிந்தா, மழையில், நான்கு மணி ஐம்பது நிமிடம்.