இரண்டாவது சீட்டு

எலிகளை இனம் பிரிக்கிற வேலை என்றால் கலிஃபோர்னியாவில், இந்தச் சன்னிவேலில், யாருக்கும் பிடிபடுவதில்லை. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி, "பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

வேலை, ஓர் அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில். என் பொறுப்பில் அறுபத்து மூன்று தென்னாப்பிரிக்க எலிகள். எல்லாம் எப்போதோ பிடித்து, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்தவை. பக்கத்திலேயே சின்னக் குப்பியில் அதனதன் மண்டையோடு. இரண்டு இனங்கள் அதில் கலந்து கிடந்தன. உயிரோடு இருந்தால் குரோமோசோமை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றுக்கு முப்பத்திரண்டு, மற்றதற்கு முப்பத்தாறு. வெளியே பார்த்தால் அதே பழுப்பு, அதே வால், அதே திருட்டு முழி. ஒன்றைப் பிளேக் எளிதில் கொன்றுவிடும், மற்றது தாக்குப்பிடிக்கும். அதனால் எந்த ஊரில் எது இருந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

நான் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, இங்கே டிபென்டன்ட் விசாவில் ஒன்பது வருடம் வீட்டோடு கிடந்தவள். ஒர்க் பர்மிட் வந்து இந்த வேலை கிடைத்தபோது நாற்பத்து நாலு வயது. என் மேலதிகாரிக்கு முப்பத்தொன்று. மண்டையோடுகளை அளந்து மட்டும் வைக்கச் சொன்னார்; பெயரை டிஎன்ஏ முடிவு வந்தபின் எழுதலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. படித்த படிப்பு இன்னும் என் கண்ணில் மிச்சமிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

காலிப்பர் வைத்து அளந்தேன். இரண்டு மாதம். அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பிரித்துக்கொடுக்க மறுத்தன. அப்புறம் ஒருநாள், பாதி எலிகளின் முதுகில் லேசான செம்மை இருப்பது கண்ணில் பட்டது. ஒருதரம் பட்டபின் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சிவந்தவை இடது தட்டு, மற்றவை வலது தட்டு. ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் இனத்தின் பெயர், தேதி, என் இனிஷியல் எழுதிய சீட்டைக் கட்டினேன். அங்கே கட்டிய சீட்டை அவிழ்க்கக் கூடாது. தப்பென்று தெரிந்தால் பக்கத்தில் இன்னொன்று கட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று சீட்டு சுமந்த எலியெல்லாம் உண்டு. அப்படித் தப்பாகக் கட்டிய ஆட்களை நினைத்து எனக்குள் சிரித்திருக்கிறேன்.

டிஎன்ஏ முடிவு வந்தது. என் சீட்டுகளில் பாதிக்கு மேல் தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

மேலதிகாரி காரணத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். சிவந்தவை எல்லாமே முந்திப் பிடித்தவை. பஞ்சடைத்த தோல் வருடம் ஏற ஏறச் சிவக்கும். இது எனக்கும் தெரியும். கல்லூரியில் பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன். மெனக்கெட்டு நான் பிரித்து வைத்திருந்தது பழைய எலிகளையும் புது எலிகளையும். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, புதுச் சீட்டுகள் கட்டிவிடச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று கணவர்தான் அழைத்துப்போக வந்தார். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழைய சீட்டைக் கட் பண்ணிப் போட்டுட்டுப் புதுசு கட்டேன். எலி வந்து கம்ப்ளெயின்ட் பண்ணப் போகுதா?"

"அதெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

"அப்ப உன் தப்பு அப்படியே இருக்குமா?"

"அந்த எலி இருக்கிறவரைக்கும் இருக்கும்."

அவர் பாட்டை மாற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

கட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. அறுபத்திரண்டு எலிகள். இருபத்தொன்பதில் என்னை நானே ஆமோதித்தேன், முப்பத்து மூன்றில் என்னை நானே மறுத்தேன். எல்லாவற்றிலும் அதே இனிஷியல், அதே கையெழுத்து. கழுத்து விட்டுப்போனது.

மிச்சம் ஒன்று. அதன் விரல் நுனியிலிருந்து எடுத்த மாதிரியில் டிஎன்ஏ கிடைக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றார் மேலதிகாரி. என் முதல் சீட்டு மட்டும் அதன் காலில் தொங்கியது, தப்பென்று சொல்ல யாராலும் முடியாத ஒரே சீட்டு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகக்கூட இருக்கலாம். அதை விட்டுவைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் வெட்கம்.

பிறகு ஒரு சீட்டை எடுத்து, 'எந்த இனம் என்று தெரியவில்லை' என எழுதி, தேதி போட்டு, இனிஷியல் போட்டு, பக்கத்தில் கட்டினேன். அறுபத்து மூன்று எலிகளில் நானே பார்த்து, தெரிந்து சொன்னது அது ஒன்றைத்தான்.