இரண்டு நாட்டுக்கு ஒரு பஸ்

எல்லை தாண்டிய பிரதேச அபிவிருத்திக்கு நிதி கேட்டு எழுதுவது ஒரு தொழில். சிரிக்க வேண்டாம், சம்பளம் தருகிறார்கள். இரண்டாயிரங்களில் ஒஸ்லோவில் ஒரு சின்ன ஒபிசில் இருந்துகொண்டு அதைத்தான் செய்தேன். எல்லையோரத்துப் பிரதேச சபைகளுக்கு ஆசை இருக்கும், எழுத ஆள் இருக்காது. நாங்கள் எழுதிக் கொடுப்போம். நாங்கள் என்றால் நானும் பியோர்னும். பியோர்ன் நல்லவன். எதையும் நேராகச் சொல்லமாட்டான்.

கோயில் மண்டபத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ விண்ணப்பம் எழுதி நொந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நொந்து பார்க்காதவர்கள் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கேளுங்கள். எழுதினவை ஏராளம். ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஒரு பஸ்.

பாலத்தில் ஒரு பொட்டு

நோர்வே பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தடியில் திரும்பிவிடும். சுவீடன் பஸ் அந்தப் பக்கம் ஒரு தேவாலயத்தடியில் திரும்பிவிடும். நடுவில் காடு, ஒரு பாலம், காற்று. இரண்டையும் ஒரே பஸ்ஸாக ஓடவிட நிதி கேட்கவேண்டும் என்று இரண்டு பக்கத்துச் சபையும் வந்தன. இடத்தைப் பார்க்கப் பியோர்னின் காரில் போனோம். மாசி மாதம். பாலத்தில் ஒரு பெண் நடந்து வருகிறாள். தலையில் கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே பொட்டு. காரை நிற்பாட்டச் சொன்னேன்.

பெயர் வசந்தி. கலியாணம் செய்து சுவீடன் பக்கத்துக்கு வந்தவள். வேலை நோர்வேப் பக்கத்து முதியோர் இல்லத்தில், பின்னேர முறை. வீட்டில் இருக்கிற ஒரு காரைப் புருஷன் வேறு திசைக்கு வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். இரவு திரும்பும்போது கூட வேலை செய்கிறவள் ஏற்றிவந்து விடுவாள். போகும்போது தேவாலயத்திலிருந்து பெற்றோல் நிலையம் வரை நடை. இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்றைக்கு, "பிள்ளை, யாழ்ப்பாணமோ?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"ஓம் மாமா. முதல் ஏத்துங்கோ, பிறகு கதைப்பம்."

ஒரு வரியில் சொன்ன குற்றம்

நிதிக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. இரண்டு நாடு சேர்ந்தால்தான் முடியும், ஒரு நாட்டால் தனியே முடியாது என்று காட்டவேண்டும். நிதி ஒபிசில் ஒரு அம்மணி இருந்தார். மெல்லிய கண்ணாடி, மெல்லிய குரல். இந்த பஸ்ஸுக்கு ஏன் இரண்டு நாடு தேவை என்று கேட்டார். "எல்லை நடுவில் கிடக்கிறது" என்றேன். பியோர்ன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான்.

பிறகு அவன் தொடங்கினான். ஒருங்கிணைவு, நிலைபேறான நடமாட்டம், பரஸ்பரக் கற்றல். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்தான். பஸ் என்ற சொல் ஒருக்காலும் வரவில்லை. அம்மணி எல்லாவற்றையும் எழுதினார். போகும்போது என்னிடம் தனியே வந்தார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் ஒரு வரியில் சொன்னால் நாங்கள் எதை மதிப்பிடுவது?"

குனில்லாவின் கூட்டங்கள்

சுவீடன் பக்கத்துச் சபையில் எங்கள் பங்காளி குனில்லா. நோர்வேயில் ஒருவர் முடிவெடுத்துவிட்டு மற்றவர்களுக்கு ரெலிபோன் அடிப்பார். அதற்குப் பிறகுதான் கோபிப்பார்கள். சுவீடனில் எல்லோரும் சம்மதிக்கும்வரை முடிவே இல்லை. கோப்பி வரும், கறுவாப் பணிஸ் வரும், முடிவு வராது. முதல் கூட்டம், எதைப் பற்றிக் கூடுவது என்று. இரண்டாவது, எல்லோரையும் அழைத்தோமா என்று. மூன்றாவது, முதல் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக முதல் கூட்டம்.

எங்கடை சங்கங்களை ஏசுகிறோம். நாங்கள் முதல் கூட்டத்திலேயே இரண்டாகப் பிரிந்து, இரண்டாவதைத் தனித்தனியே வைத்து, அலுவலை முடித்துவிடுவோம். பொறுக்க ஏலாமல், அந்தச் சுவீடன் கூட்டத்தில் ஓமோ இல்லையோ என்று கேட்டேன். எல்லோரும் தங்கள் தங்கள் பணிஸைப் பார்த்தார்கள். அடுத்தநாள் குனில்லா ரெலிபோன் எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"முடிவு எடுக்கவில்லை. ஆனால் எடுக்காமல் விட்டதில் எங்களுக்குள் முழு ஒற்றுமை."

சிவப்பும் நீலமும்

ஒருவழியாகச் சம்மதித்தார்கள். உடனே நிறப் பிரச்சினை. இந்தப் பக்கத்து பஸ் சிவப்பு, அந்தப் பக்கத்து பஸ் நீலம். எல்லை தாண்டுகிற பஸ் என்ன நிறம்? பாதி பாதி பூசுவோம் என்றான் பியோர்ன். எந்தப் பாதி முன்னுக்கு என்று கேட்டார் குனில்லா. அந்த ஒரு கேள்வியில் இலை உதிர்ந்து பனி விழுந்துவிட்டது.

அந்த மாரியில்தான் வசந்தி பாலத்தில் சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் வெடிப்பு. கட்டுப் போட்ட கையோடு ரெலிபோன் எடுத்தாள். பல வருடம் தற்காலிகமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அப்போதுதான் அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்திருந்தார்கள். சுவீடன் பக்கத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை. "இன்னொரு மாரிக்கு நடப்பன் மாமா. அதுக்கு மேலை ஏலாது, விட்டிடுவன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். நிறத்தில் நிற்கிறது என்றேன்.

"பிரேதப் பெட்டி நிறமெண்டாலும் பரவாயில்லை மாமா. ஹீற்றர் வேலை செய்தாக் காணும்."

உறவு

இந்த மாமாவால் ஒரு வில்லங்கம் வந்தது. வசந்தி ஒருநாள் ஒபிசுக்கு எடுத்தபோது பியோர்ன் ரெலிபோனைத் தூக்கினான். மாமா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். மாமா என்றால் என்னவென்று ஒருமுறை நானே அவனுக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். நேர்மையான மனிதன், நடுங்கிப்போய்விட்டான். திட்டத்தால் பயன்பெறுகிறவள் எழுதுகிறவரின் மருமகள்! எனக்கு ஒரு சொல் சொல்லாமல் நிதி ஒபிசுக்கு அறிவித்துவிட்டான்.

மெல்லிய கண்ணாடி அம்மணி என்னைக் கூப்பிட்டார். அவள் எனக்கு ஒன்றுமில்லை, என் வயதில் இருக்கிற எவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். ஒஸ்லோவில் எங்கடை சனம் நிறைந்த குரோருட்டில் ரெயினில் ஏறினால் எல்லிங்ஸ்ருட் வந்து இறங்கமுதல் எனக்கு நாலு மருமக்கள் கிடைப்பார்கள் என்றேன். ரெயின் மாறவேண்டுமே என்றார். அதில் இன்னும் இரண்டு பேர் என்றேன். அப்படியானால் ஒஸ்லோவில் உங்களுக்கு உறவில்லாத தமிழர் ஒருவரும் இல்லையா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "என் சொந்தத் தம்பி. கதைபேச்சு இல்லை" என்றேன். அம்மணி சிரிக்கவில்லை.

"நல்லது. அவர் பஸ்ஸில் ஏறலாம்."

கதவு சாத்துகிற நேரம்

விண்ணப்பம் கொம்பியூட்டர் வழியாகத்தான் போகவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. எனக்கு அது ஆகாது. கார்த்திக் என்றொரு பெடியனைப் பிடித்தோம். கோயம்புத்தூர்க்காரன், ஒஸ்லோவில் கொம்பியூட்டர் வேலை. என்னை சார் என்பான். எனக்குப் பின்னால் வாத்தியார் யாரும் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

கடைசி நாள் பின்னேரம் மூன்று மணிக்கு மூடுவார்கள். காலையிலேயே எல்லாம் ஆயத்தம், குனில்லாவின் ஒப்பத்தைத் தவிர. எடுத்தால், கோப்பி இடைவேளை. திரும்ப எடுத்தால், இடைவேளை முடியவில்லை. ஒப்பம் வந்து கார்த்திக் பொத்தானை அமத்தினால் திரை வெள்ளை. நான் அந்த இயந்திரத்தின் தாய் தகப்பன் எல்லோரையும் இழுத்தேன். அவன் அசையவில்லை. திரும்பத் திரும்ப அமத்தி, மூன்று அடிக்க முந்திப் போய்ச் சேர்ந்தது.

"சர்வர் பாவம் சார், அத ஏன் திட்றீங்க? நம்ம கோயில் மாதிரிதான், நடை சாத்துற நேரத்துலதான் எல்லாரும் வந்து முட்டுவாங்க."

காட்டைப் பார்க்கப் போகிறவர்கள்

போய்ச் சேர்ந்தது, திரும்பி வந்தது. மறுப்பு. பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்று காட்டவில்லையாம். ஒரு வசந்தி ஒரு பிரதேசம் ஆகமாட்டாளாம். சரி, சனங்களைக் கேட்போம் என்று பெற்றோல் நிலையத்தடியில் நின்றோம். சுவீடனுக்கு எதற்குப் போகிறீர்கள்? இயற்கை, என்றார் ஒருவர். காட்டில் நடக்க, என்றார் இன்னொருவர். அயலவரோடு நட்பு, என்றார் ஒரு கிழவர். எப்போதாவது ஒருமுறை, என்றார்கள் எல்லோரும்.

பொய். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடை வாசலில் கார் விட இடமில்லை, எல்லாம் நோர்வே இலக்கத் தகடு. இறைச்சி மலிவு. முக்கியமாகப் பன்றி. வண்டில் வண்டிலாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஆனால் வாயால் சொல்லமாட்டார்கள், மானம் போய்விடும். எங்கடை ஆட்கள் பரவாயில்லை. ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினவர்கள் சனிக்கிழமை காரில் தேவாரம் போட்டுக்கொண்டு போய்க் கோழிக்காலோடு வருவார்கள். கேட்டால், எந்தக் கடையில் மலிவு என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

இதை அப்படியே எழுதுவோம் என்றேன். கார் ஓட ஏலாத கிழடுகளும் இறைச்சி வாங்கத்தான் துடிக்கின்றன, பஸ் விட்டால் நிரம்பும். பியோர்னின் முகம் சிவந்தது. விண்ணப்பத்தில் பன்றியை எழுத முடியாது என்றான். உன் காருக்குப் பின்னால் இருக்கிற குளிர்ப்பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"அது என்னுடையதில்லை. மனைவியின் தம்பியுடையது."

குழு நடக்கிறது

பன்றி இல்லாமலேயே இரண்டாவது விண்ணப்பம் போனது. வசந்தி சொன்ன அந்தக் கடைசி மாரி வந்தது. முடிவெடுக்கிற குழு இடத்தைப் பார்க்க வருகிறது என்று கடிதம் வந்தது. அவர்கள் கூட்டங்களை எப்போதும் சுவீடன் பக்கத்தில்தான் வைப்பார்கள். கூட்டம் எப்போதும் கடை பூட்ட முந்தி முடியும். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் ஒரு வரி எழுதி அனுப்பினேன்: பஸ் திட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் காரில் வரலாமா? சுற்றுச்சூழல் என்று சொன்னால் நோர்வேக்காரன் மறுக்கமாட்டான். ஓம் என்றார்கள். திரும்புகிற நேரத்தையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் காணாமல் போனார்கள். வந்தபோது ஆளுக்கு இரண்டு பை. சுவீடன் பஸ்ஸில் தேவாலயத்தடிக்கு வந்தோம், இறங்கினோம், நடந்தோம். மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்தது. தலைவர் பெரிய மனிதர், உடம்பாலும். பாலத்தின் நடுவில் அவருடைய பையின் காது அறுந்தது. பன்றி இறைச்சிப் பைக்கற் எல்லாம் சேற்றுப் பனியில். குழு முழுவதும் வேறெங்கோ பார்த்தது. நான் குனியவில்லை. எனக்கு முதுகு நோ.

பின்னால் விறுவிறென்று நடந்து வந்தாள் வசந்தி. வேலைக்குப் போகிற நேரம். குனிந்து பொறுக்கினாள், பனியைத் தட்டினாள், தலைவரின் கையில் அடுக்கினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், ஒவ்வொரு நாளும் இப்படியா நடக்கிறீர்கள் என்று. நல்ல நோர்வேஜிய மொழியில் பதில் வந்தது.

"ஓம். இறைச்சி இல்லாமல்."

முதல் நாள்

இளவேனிலில் அனுமதி வந்தது. எல்லைப்புற மக்களின் அன்றாட நடமாட்டத்தைக் குழு நேரில் உணர்ந்துகொண்டது என்று எழுதியிருந்தார்கள். பியோர்ன் அந்த வரியை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினான், தான் எழுதினது போல. அடுத்த மாரிக்கு முந்தி பஸ் ஓடத் தொடங்கியது. நிறம் சாம்பல். இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிடிக்கவில்லை, அதனால் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் வசந்தி எடுப்பாள் என்று ஒபிசில் இருந்தேன். எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், கிழவர்களின் சிரிப்பு. என்ன பிள்ளை, பஸ் வந்ததோ என்று கேட்டேன்.

"வந்திட்டுது மாமா. ஹீற்றர் நல்லா வேலை செய்யுது. இருக்கத்தான் இடமில்லை, என்ரை சீற்றிலை பன்றி இருக்குது."

இரண்டு நாட்டை இணைக்க நாங்கள் எழுதின காரணங்கள் எல்லாம் இன்னும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. உண்மையில் இணைத்த காரணத்தை அன்றைக்கே பொரித்துத் தின்றுவிட்டார்கள்.