எளிதில் நம்பும் இயல்பினர்

“பங்கேற்பாளர் 7: பெண், வயது ஐம்பத்திரண்டு, தொழில்நுட்ப அறிவு குறைவு, பிறரை எளிதில் நம்பும் இயல்பினர்.” கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வெளியிட்ட நான்கு கட்டுரைகளில் இந்த வரி அச்சாகியிருக்கிறது. வரிக்குரிய அம்மாள் இப்போது முன்மேசையில் உட்கார்ந்து கூரியர்காரரின் தோள்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “இது போன வாரம் வந்தவரோட பையாச்சே. அவர் எங்க? நீங்க யாரு? பொட்டிய அங்கயே வைங்க. உங்க ஆபீசுக்குப் பேசிட்டுத்தான் கையெழுத்து.”

ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் முனைவர்கள். மீதிப்பேர் முனைவராகப் போகிறவர்கள். சோதனைக்குச் சாதாரண மனிதர் ஒருவர் வேண்டுமென்றால் முன்மேசைக்குத்தான் வர வேண்டும். வந்து வந்து எண்ணே பெயராகிவிட்டது: ஏழக்கா. இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

தொலைபேசியை எடுத்தால் ஏழக்கா வாய் திறப்பதில்லை. “கூப்பிட்டவங்கதானே பேசணும்? நான் எதுக்கு முந்திக்கணும்?” ஒருவரின் குரல் மூன்று விநாடி கிடைத்தால் போதும், கணினியை அவரைப் போலவே பேசவைத்துவிடலாம் என்பதை ஆய்வுக்கூடம் இரண்டு ஆண்டு உழைத்துக் கண்டுபிடித்தது. பெட்டிகளில் ஒட்டிய முகவரித் தாளை ஊறவைத்து உரித்த பிறகே ஏழக்கா குப்பையில் போடுவார். கடவுச்சொற்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய முனைவரோ, தம் கடவுச்சொல்லை விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறார். அது பிய்ந்துவிட்டபோது பசை கேட்டு ஏழக்காவிடம்தான் வந்தார். “ஒட்டறதுதான் ஒட்டறீங்க, எழுத்து உள்பக்கமா இருக்கற மாதிரி ஒட்டக் கூடாதா சார்?”

ஐந்து அடித்தால் மேசையைப் பூட்டுவார். வீட்டுக்குப் போகும் 614ஆம் எண் பேருந்து ஐந்து பத்துக்கு. உலகத்துக் கணினிகள் மொத்தமும் பறிபோனாலும் அதற்குமேல் ஏழக்கா இல்லை.

இந்த முறை சோதனை போலிக் குரல் பற்றியது. கணினி, இயக்குநரின் குரலில் தொலைபேசியில் கூப்பிட்டு சர்வர் அறைக் கதவின் மூன்றிலக்க எண்ணைக் கேட்கும். இந்த மாதத்தில் என்றாவது ஒருநாள் ஏமாற்றப்படச் சம்மதம் என்று பங்கேற்பாளர்கள் ஏழு பேரும் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் ஆறு பேரும் முனைவர்கள். ஆறு பேரும் முதல் அழைப்பிலேயே எண்ணைச் சொன்னார்கள். ஒருவர், கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னார்.

ஏழக்கா மட்டும், “யாருப்பா நீ? எங்க சார் இவ்ளோ நேரம் மூச்சு விடாம பேச மாட்டாரே. ரெண்டு படி ஏறினாலே அவருக்கு இரைக்குமே” என்று வைத்துவிட்டார். அடுத்த அழைப்புக்குள் கணினிக்கு இரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். “இப்ப நல்லா இரைக்குது. ஆனா சார் லிஃப்டுல போனதை இப்பத்தான் என் கண்ணால பார்த்தேன்.”

சோதனையை நடத்திய பெண்ணிடம் இயக்குநர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “படிச்சவங்க ஆறு பேரும் ஏமாந்து, ஏழக்கா மட்டும் ஏமாறலைன்னா யாரும்மா நம்புவாங்க? சோதனையே கோளாறும்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களும் விழுந்தா அனுப்பு. இல்லன்னா வேற தலைப்பு பாரு.” அந்தப் பெண்ணுக்கு அது மூன்று வருட உழைப்பு. வேறு தலைப்பு பார்க்க ஒப்பந்தத்தில் நாள் மிச்சமில்லை. வியாழக்கிழமை, முன்மேசைக்குப் பின்னால் நின்று கைபேசியில் தன் அம்மாவிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்: “ஏமாறவே மாட்டேங்கறாங்கம்மா. தங்கமான மனுஷிதான், ஆனா என் உயிரை வாங்கறாங்க. நாளையோட எல்லாம் முடிஞ்சுது.” தகவல் கசிவை ஆராய்கிறவர்கள் இப்படித்தான், ஊருக்கே கேட்கும்படி பேசுவார்கள். ஏழக்கா பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்தடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஏழக்கா எடுத்தார், வழக்கம்போல் பேசவில்லை. இயக்குநரின் குரல், இரைப்போடு, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தது. அசல் இயக்குநர் நாலடி தள்ளி நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏழக்கா பணிவாகச் சொன்னார்: “சரிங்க சார், எழுதிக்குங்க.”

கட்டுரை அன்றே போய்ச் சேர்ந்தது. “பங்கேற்பாளர் 7 கதவின் எண்ணைத் தயக்கமின்றி வெளியிட்டார்.” சொன்ன எண் சரிதானா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. பங்கேற்பாளரின் அந்தரங்கம் காக்கும் விதிப்படி, சொன்னாரா இல்லையா என்று மட்டுமே குறிக்கலாம். அந்தப் பெண் ‘சொன்னார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

ஏழக்கா சொன்ன எண் ஆறு, ஒன்று, நான்கு. சொல்லிவிட்டு மேசையைப் பூட்டிக்கொண்டு, அந்தப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.