ஒரோன்சோவின் தனி டிஷ்

மேல்வீட்டு ஒரோன்சோ யாரையும் நம்ப மாட்டார். மீன்காரர் தராசைச் சந்தேகப்படுவார். தராசு சரியாக இருந்தால் மீனைச் சந்தேகப்படுவார். எங்கள் ஊர் தாரந்தோவின் கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் டோரா, நாட்டின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். அதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வார்.

பழைய ஆன்டெனாவில் எச்டி வராது என்று எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் பேச்சு வந்தது. மொட்டைமாடியில் பொதுவாகப் புதிது ஒன்று வைத்தால் சந்தா இல்லாமலே படம் பளிச்சென்று வரும். எல்லாரும் கை தூக்கினோம். இவர் மட்டும் தூக்கவில்லை.

"எவனாவது சும்மா படம் காட்டுவானா? இதுல நிர்வாகிக்கு என்ன கிடைக்குதுன்னு முதல்ல கேளு, ஃபிலோமேனா," என்றார் என்னிடம்.

அதோடு விடாமல் தன் பால்கனியில் தனியாக டிஷ் மாட்டிச் சந்தாவும் கட்டினார். காசு வாங்குகிறவன் ஏமாற்ற மாட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார். கோல் விழுமுன்பே என் புருஷன் கத்துகிறாராம். எங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது யார் என்று கேட்டார். டிஷ் படம் விண்வெளிக்குப் போய்த் திரும்புவதால் சில நொடி பிந்தித்தான் வரும் என்று என் புருஷன் விளக்கினார்.

"எதிர்வீட்டுக்காரனும் இதையேதான் சொல்றான். பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலிறுதியில் டோரா ஆடினாள். எங்களோடு பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. மனசு கேட்காமல் ஒரு தட்டு ஃபோக்காச்சா ரொட்டி எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். ஆட்டம் சமனாகி பெனால்டிக்கு வந்தது. கடைசி உதை டோராவுடையது. தவறவிட்டால் அணி வெளியே.

அவள் பந்தைப் புல்லில் வைத்தாள். நெற்றியில் ஒட்டிய முடிகூடத் தெரிந்தது.

"அவ அம்மா மாதிரியே உதட்டைக் கடிக்கிறா பாரு," என்றார்.

அந்த நேரம் கட்டடம் முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. அதில் என் புருஷன் குரலும் இருந்தது.

திரையில் டோரா இன்னும் உதைக்கவில்லை. விசிலுக்காகக் காத்து நின்றாள்.

ஒரோன்சோ என்னைப் பார்த்தார். பாவம், அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்களை நம்பினார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"ஓடாதம்மா. கொஞ்சம் நில்லு," என்றார்.

அவள் ஓடி வந்தாள்.