நத்தார் அன்று பெல் அடித்தவள்

என் சிநேகிதி மேரிசெலினுக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கில் ஸ்கீவ நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தவள். கணவர் இறந்த பிறகு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஓமானுக்குப் படிப்பிக்கப் போனாள். "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. மூன்று வருடம் இருந்துவிட்டு இந்தக் கோடையில்தான் திரும்பினாள். அந்த ஓமான் பள்ளிக்கூடம் இப்போது மறுபடியும் கூப்பிடுகிறது. வருடம் முடியமுன் பதில் சொல்ல வேண்டும். போகவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இந்த ஊரில் மனம்விட்டுக் கதைக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஓமானில் அவளுடைய முதல் நத்தார், அந்தக் கிறிஸ்மஸ் நாள், வேலைநாளாகப் போனது. காலையில் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்தாள். பின்னேரம் கதவைப் பூட்டி, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, மெழுகுதிரி கொளுத்திக் கள்ளி மாதிரிச் செபம் சொன்னாளாம். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். வேலை போச்சு என்றே நினைத்தாள். மேல்வீட்டு உம்மு காலித் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாராம். "எங்கள் பெருநாளுக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தோமே, உன்னுடைய பெருநாளை ஏன் எங்களுக்கு ஒளிக்கிறாய்?" செலின் திகைத்துப்போனாள். அடுத்த இரண்டு வருடமும் பிராண்டி ஊற்றாமல் கேக் அடித்து, அந்தக் கட்டடத்தில் பதினொரு கதவு தட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். மகன் ஜெனுஷன் இம்முறை மனைவியின் பெற்றோர் வீட்டில். டெனிஸ்காரர் நத்தார் கொண்டாடுகிற இருபத்திநான்காம் திகதி மாலை, ஆறு மணிக்குக் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"எடியே, இண்டைக்கு டெனிஸ்காரற்ற வீட்டுக்குச் சொல்லாமல் ஒருத்தரும் போறேல்லை."

"அந்த மனுசன் தனிய இருக்குது. மனுசியைப் போன கிழமை அம்புலன்ஸில கொண்டு போனவை. நீயும் வா, சுசீலா."

பெல் அடித்தோம். கிழவர் கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"பியர்தவா? என் மனைவி போய்விட்டாளா?" என்று கேட்டபடி, சப்பாத்து வைக்கும் பலகையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

ஒருவரும் வராத மாலையில் பெல் அடித்தால், மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இருக்கிறவர் வேறு எதை நினைப்பார்? முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கல்லவா இது தெரிந்திருக்க வேண்டும்! செலினுக்குப் படித்த டெனிஸ் முழுவதும் மறந்துபோனது. நான்தான், "இல்லை, இல்லை, கேக்! வெறும் கேக்!" என்று கத்தினேன்.

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். மனைவியின் குரல் கேட்டதும் எங்கள் முன்னாலேயே விம்மி விம்மி அழுதார். எங்கே போய் ஒளிவதென்று எனக்குத் தெரியவில்லை.

"யார் பெல் அடித்தது?" என்று அந்த அம்மா கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"பக்கத்து வீட்டுப் பெண்."

"ஓ, அவளா? பெயர் என்ன?"

அவர் நிமிர்ந்து செலினைப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். இருபத்திரண்டு வருடமாகக் காலையில் கையசைத்த மனிதர். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"செலின்," என்றாள் அவள்.

அவர் அதை இரண்டு தரம் போனுக்குள் சொன்னார். கேக்கை வாங்கினார், நன்றி சொன்னார். நல்ல மனிதர், அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் செலின் மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"ஓமானுக்கு எழுதுறன். வாறன் எண்டு."

தடுக்கத்தான் வாயைத் திறந்தேன். எனக்குப் பக்கத்து வீட்டில் பதினெட்டு வருடமாக ஒரு மனுசி இருக்கிறா. அவவின் பெயரை யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாது.