நுஸ்ரத் பேகம் பொறுப்பில் இருந்த முப்பத்து நான்கு நாட்கள்

சுனாபட்டியில் ரயில் பாதையை ஒட்டிய அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அறுபத்து நான்கு வீடுகள். அவற்றில் தமிழர் வீடுகள் ஒன்பது. ஒன்பதில் முஸ்லிம் வீடு ஒன்றே ஒன்று, இரண்டாம் மாடியில் 23ஆம் எண். பள்ளிப் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கும் நுஸ்ரத் பேகம் இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே குடியிருந்தார். 2023 மே மாதம், வீட்டுக்காரர்களின் கூட்டுறவு சொசைட்டியின் நிர்வாகக் குழு கலைக்கப்பட்டு, தேர்தல் முடியும்வரை மூவர் கொண்ட இடைக்காலக் குழு நியமிக்கப்பட்டபோது, பெண் உறுப்பினராக அவர் பெயர் வந்தது.

முதலில் சந்தேகப்பட்டது அவரேதான். "நம்மள எதுக்குப் போட்டாங்க?" என்று கணவர் முகம்மது ஹனீபிடம் கேட்டார்.

"எதுத்துப் பேச மாட்டாள்னு எவனாவது சொல்லியிருப்பான். என்கிட்ட கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன்" என்று ஹனீப் சிரித்தார்.

முதல் மாடி அகிலாண்டம் சிரிக்கவில்லை. "ஏட்டி நுஸ்ரத்து, நாற்காலி கெடச்சாச்சு. இனி எங்களயெல்லாம் கண்ணு தெரியுமா?"

குழுவுக்கு வேலை ஒன்றுதான்: வாக்காளர் பட்டியல் தயாரித்துத் தேர்தலை நடத்துவது. தேர்தலில் வரும் புதிய குழுதான் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகும் பில்டரை முடிவு செய்யும். பட்டியலில் இல்லாதவர் தம் வீட்டைப் பற்றியே வாய் திறக்க முடியாது. ஒன்பது தமிழர் வீடுகளில் ஆறின் பங்குப் பத்திரம், அதாவது சொசைட்டி உறுப்பினர் சான்று, இன்னும் இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றக் கொடுத்த மனுக்களைப் பழைய குழு கிடப்பில் போட்டிருந்தது. நுஸ்ரத்தின் பத்திரமோ அவர் பெயரிலேயே சுத்தமாக இருந்தது.

குழு பொறுப்பேற்ற முதல் கூட்டம் ஜூன் 11, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. குழுத் தலைவர் சாவந்த் மின்விசிறியை நுஸ்ரத் பக்கம் திருப்பி வைத்தார். 'பேகம்ஜி' என்று அழைத்தார். இவ்வளவு மரியாதை எதற்கு என்று நுஸ்ரத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இந்தியில் நடந்தது; கூட்டக் குறிப்பை மராத்தியில் எழுதியவர் மூன்றாம் உறுப்பினர் வேங்கடசுப்ரமணியன். மாதுங்காவில் வசித்துக்கொண்டு இங்கே 41ஆம் எண் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி. குறிப்பேடு தன்னிடம் வந்ததும் நுஸ்ரத் வாசிப்பதுபோல் தலையை அசைத்தார். மராத்தியில் ஓர் எழுத்தும் தெரியாது.

"ஒப்பம் போட்டுடுங்கோம்மா. தேர்தல் தேதியும் எடமும் நான் அப்பறமா எழுதிக்கறேன்" என்றார் வேங்கடசுப்ரமணியன். அந்த அறையில் தமிழ் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. எழுதியதற்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவே நான்கு விரல் இடம் காலியாக இருந்தது. நுஸ்ரத் தமிழில் ஒப்பமிட்டார்.

ஜூலை 3, திங்களன்று பட்டியல் ஒட்டப்பட்டது. அந்த ஆறு வீடுகளும் இல்லை.

"அக்கா, ஒங்க பேரு இருக்கு. எங்கப்பா செல்வம் பேருக்குப் பதிலா எம் பேரு வரணும்லா, அது எங்க?" என்று மூன்றாம் மாடி தளவாய் மாடிப்படியில் மறித்தான். "கமிட்டி தீர்மானமாம். தமிழ்ல கையெழுத்துப் போட்டவங்க அங்க வேற யாரு இருக்கா?"

நுஸ்ரத் நேரே சாவந்த் வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைக் கேட்டார். சாவந்த் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், மறுபடி படித்தார். பெயர் மாறாத வீடுகளை நீக்குவதாக மூன்று வரி இருந்தது. இதை நான் எழுதச் சொல்லவில்லை, படிக்காமல் பட்டியலில் ஒப்பமிட்டது என் தவறு என்று இந்தியில் சத்தியம் செய்தார். நுஸ்ரத் நம்பவில்லை. அங்கேயே நின்று வேங்கடசுப்ரமணியனுக்குப் போன் போட்டார்.

"பேர் மாறலைன்னா மெம்பர் இல்லை. ரூல் அதான். இதுல என்ன தப்பு?"

"மீட்டிங்ல இதப் பேசலயே சார்?"

"பேசினா சண்டைதாம்மா வரும். நீங்களும் ஒப்பம் போட்டிருக்கேளே!"

மூன்று வாரமாகச் சாவந்தையே கண்காணித்தவர், பேனா பிடித்த கையை ஒருமுறையும் பார்த்திருக்கவில்லை.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் இருந்தது. "காலிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா முதல்ல ஒன்னத்தான் தூக்குவாங்க" என்றார் ஹனீப். நுஸ்ரத் ஜூலை 6 அன்று எழுதிக் கொடுத்தார்.

கூட்டுறவுத் துறை அதிகாரி முன் விசாரணை ஜூலை 14, வெள்ளி. அக்கம்பக்கத்தார் மிரட்டியதால் அந்த அம்மாள் பேச்சை மாற்றுகிறார் என்றார் வேங்கடசுப்ரமணியன். அப்படியா என்று அதிகாரி கேட்டார். "திட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த மூன்று வரியும் ஏன் இப்படி நெருங்கிக் கிடக்கின்றன?" என்று நுஸ்ரத் இந்தியில் திருப்பிக் கேட்டார். அதிகாரி பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து சிறுத்திருந்தது, மையும் வேறு. இந்தப் பேச்சே கூட்டத்தில் வரவில்லை என்று சாவந்தும் சொன்னார். தீர்மானம் ரத்தானது. ஆறு வாரிசுகளையும் பட்டியலில் சேர்க்க உத்தரவு வந்தது. அதே உத்தரவின் கடைசிப் பத்தி, வேங்கடசுப்ரமணியனையும் நுஸ்ரத் பேகத்தையும் அன்று முதல் குழுவிலிருந்து நீக்கியது.

ஆகஸ்ட் 6 அன்று ஆறு வீடுகளும் வாக்களித்தன. வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டு வந்த அகிலாண்டம், வரிசையில் நின்ற நுஸ்ரத்தின் எதிரே நின்றாள்.

"எல்லாஞ் சரிதாண்டி. மொதல்ல கையெழுத்து ஏன் போட்ட? அதச் சொல்லு."

"வாசிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா."

அகிலாண்டம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இத நாங்க நம்பணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.